இன்னும் எரியுது!

"வண்டியை ஓரங்கட்டுய்யா! பிரேக்கை மிதிச்சுக்கிட்டேயா மலை இறங்குவே?"

போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி மறித்தார். மணப்பெண்ணின் அண்ணன் சுஹைப் திடுக்கிட்டுக் காரை நிறுத்தினான். பின்னால் வந்த ஊர்வலக் கார்கள் பதினான்கும் கிறீச்சிட்டு நின்றன.

"நான் மிதிக்கவே இல்லையே சார்!"

"பின்னால வந்து பாரு."

சாவியை உருவிக்கொண்டு இறங்கிப் பார்த்தான். பிரேக் விளக்குகள் இரண்டும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன.

"இது எப்பவும் எரிஞ்சா, நீ எப்ப நிறுத்துவேன்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்? இனிமேதான் கொண்டை ஊசி வளைவெல்லாம் வருது. அணைக்காம ஒரு அடி நகரக் கூடாது!"

கீழே, தலைநகர் அம்மானில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். நிக்காஹ் எழுதும் ஷேக் ஆறு மணிக்கு வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார். இப்போதே ஐந்தேகால்.

நல்ல வேளையாக, லுஜைன் கூட இருந்தாள். சால்ட் நகரில் ஐந்து வருடமாகச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள்.

"அண்ணே, டார்ச்சைப் பிடிங்க. சார், நீங்க பின்னாடியே நின்னு, எரியுதா அணையுதான்னு சத்தமா சொல்லுங்க!" என்றவள், அதற்குள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள்.

காவலர் ஒரு கணம் விழித்தார். பிறகு காரின் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

லுஜைன் பிரேக் பெடலைக் கையால் மேலே இழுத்தாள். "இப்போ?"

"எரியுது!"

பெடலுக்கு மேலே இருந்த சுவிட்சின் வயரைக் கழற்றினாள். "இப்போ?"

"அணைஞ்சிடுச்சு! அணைஞ்சிடுச்சு!" காவலர் குதிக்காத குறைதான்.

"அப்போ கோளாறு இங்கதான்." வயரை மறுபடி மாட்டினாள்.

"திரும்ப எரியுதே!" காவலரின் குரல் உடைந்தது.

சுஹைபின் போன் அலறியது. மாப்பிள்ளை அய்ஹம்.

"மச்சான், எங்க இருக்கீங்க? ஷேக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கார்!"

"வண்டியில சின்னக் கோளாறு. வந்துடறோம்."

"பொண்ணு பயந்துட்டாளா?"

"பயமா? இங்கதான் இருக்கா. குனிஞ்ச தலை நிமிரல."

"பாவம், வெட்கப்படுறா" என்று உருகினான் அய்ஹம். "பத்திரமா கூட்டிட்டு வாங்க."

"அண்ணே, டார்ச் எங்க போகுது?" லுஜைன் சீறினாள்.

அவள் சுவிட்சின் முனையை விரலால் அழுத்தினாள்.

"அணைஞ்சிடுச்சு!"

விட்டாள்.

"எரியுது!"

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. பெடல்ல ஒரு சின்ன ரப்பர் அடைப்பான் இருக்கும், அதுதான் இந்த முனையை அழுத்திப் பிடிக்கணும். அது பொடிஞ்சு விழுந்துடுச்சு. அது இருந்த ஓட்டைக்குள்ள முனை போயிடுது. அண்ணே, உங்க கோட்டுல ஒரு பித்தானைப் பிச்சுக் குடுங்க."

"புதுக் கோட்டு!"

"ஷேக் கிளம்பிடுவார்!"

பட்டென்று பிய்த்துக் கொடுத்தான். லுஜைன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். ஓட்டையின் மேல் பித்தானை வைத்து, ஹேர்பின்னின் இரண்டு காலையும் பித்தானின் துளைகள் வழியாக ஓட்டைக்குள் செலுத்தி, மறுபக்கம் விரித்து மடக்கினாள்.

"இப்போ?"

காவலர் குனிந்து இரண்டு விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார்?"

"அணைஞ்சிடுச்சு!"

பெடலைக் கையால் அமுக்கினாள். "எரியுது!" விட்டாள். "அணைஞ்சது! அடடா!"

ஊர்வலக் கார்கள் மொத்தமும் ஹாரன் அடித்தன. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ மேளத்தைத் தட்டத் தொடங்கினார்கள்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும். அப்புறம் புதுசு போட்டுடணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மணி ஐந்தரைகூட ஆகவில்லை. காவலர் தானே சாலையில் இறங்கி எதிர்வண்டிகளை நிறுத்தினார்.

"கிளம்புங்க, கிளம்புங்க! கல்யாணப் பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடறேன்" என்று பின் இருக்கையை எட்டிப் பார்த்தவர் திகைத்தார். அங்கே பூங்கொத்து மட்டும்தான் கிடந்தது. "பொண்ணு எங்கய்யா?"

சுஹைப் சிரித்தபடி டாஷ்போர்டுக்கு அடியில் கை கொடுத்தான். முழங்கை வரை கரி பூசிய கைகளோடு, கசங்கிய வெள்ளைக் கல்யாண கவுனைச் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்த லுஜைன் சொன்னாள்: "இதோ இருக்கேன் சார், வாழ்த்துங்க!"