பராபவ வருஷப் பஞ்சாங்கம்

ஜோசியர் மாயவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஜோஸ்வினின் ஜெராக்ஸ் கடைக்குள் வந்தார். மஞ்சள் துணியைப் பிரித்து, பழுப்பேறிய ஒரு பஞ்சாங்கத்தை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தொட்டால் தாளின் ஓரம் உதிர்ந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய பராபவ வருஷத்துப் பஞ்சாங்கம், அப்பா அச்சடித்தது என்றார். பழசைப் பாதுகாக்க பாலக்கோட்டிலும் ஒரு மனுஷன் இருக்கிறாரே என்று ஜோஸ்வினுக்குப் புல்லரித்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து பழுப்பை எடுத்தான், கறையைத் துடைத்தான், மங்கிய எழுத்தைக் கறுப்பாக்கினான். ஒவ்வொரு பக்கமும் நேற்று அச்சடித்ததுபோல் ஆனது.

மாயவன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். இனி இங்கிலீஷ் வருஷத்தையும் கிழமையையும் மட்டும் மாற்றிவிட்டால் ஆயிரம் பிரதி போட்டுவிடலாம் என்றார்.

"என்னங்க ஜோசியரே, இதையா புதுப் பஞ்சாங்கம்னு விக்கப்போறீங்க?"

"தமிழ் வருஷம் அறுவதுக்கு ஒருக்கா திரும்பி வருது தம்பி. அதுவும் பராபவ, வர்ற சித்திரையில பொறக்கறதும் பராபவ. பேரை நானா வெச்சேன்?"

"திதியெல்லாம் மாறிப்போயிருக்குமே."

"ரெண்டு மூணு நாளு முன்னப்பின்ன இருக்கும். இப்பல்லாம் யாரு தம்பி நெலாவ அண்ணாந்து பாக்கறாங்க?"

ஜோஸ்வின் மறுத்திருக்கலாம். ஆனால் ஏமாறப்போவது நாள் பார்க்கிற ஜனங்கள்தானே. அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கு எல்லா நாளும் ஆண்டவர் கொடுத்த நாள். கல்யாண நேரத்தில் வந்த வேலையை விடுவானேன்?

அந்தக் கல்யாணமும் லேசில் கூடியதல்ல. முப்பத்தாறு வயது. ஜெராக்ஸ் கடை என்றதும் ஒன்பது வீட்டில் காபி ஆறுவதற்குள் அனுப்பிவிட்டார்கள். பத்தாவதாக ஆக்சிலியா சரி என்றாள்.

மஸ்கட்டில் நர்ஸ். அவள் லீவுக்குள் பங்குச் சாமியார் கொடுக்க முடிந்தது ஒரே தேதி, மே 28. அதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்காமல் இருக்க அவள் சொந்தக்காரர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை.

அவள் அப்பா சவரி, மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாலரைக்கே தெருமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர், ஆறு அடித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைத்தார். டீ குடித்துக்கொண்டிருந்தாராம். ஒன்றரை மணி நேரம் குடிக்கிற டீ எந்தக் கடையில் போடுகிறார்கள் என்று ஜோஸ்வின் கேட்கவில்லை. மாமனாராயிற்றே.

வந்ததும் நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். இப்படி ஒரு மாமனார் கிடைத்ததற்கு ஜோஸ்வின் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

பஞ்சாங்கம் சித்திரை பிறக்குமுன்பே விற்றுத் தீர்ந்தது. தக்காளி மண்டியிலிருந்து தொப்பூர் டீக்கடை வரை தொங்கியது. கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது என்று பெரிசுகள் மெச்சினார்கள். திதி சரியா என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

மே மாதம் கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன தேதியில் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அன்று சாயங்காலம் சவரி போன் செய்தார்.

சுற்றி வளைத்துப் பேசினார். கல்யாணத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம், ஆக்சிலியா அடுத்த லீவுக்கு வரட்டும், அப்புறம் ஆண்டவர் சித்தம் என்றார்.

"எங்க வூட்டு மேல எதுனா கொறைங்களா மாமா?"

"சேச்சே, கொறையெல்லாம் இல்லீங்க மாப்ள. எனக்கு இதுல நம்பிக்கையும் கெடையாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அன்னிக்கு அஷ்டமின்னு புதுப் பஞ்சாங்கத்துல பளிச்சுனு போட்டிருக்குதுங்களே."