பழைய பெட்டிக்கு ஒரு கார்டு

"நான் விலையைக் கேட்டேனா? ஓடுமான்னுதானே கேட்டேன்?"

கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அந்தச் சித்தாள் கேட்ட கேட்பில், கம்ப்யூட்டர் கடைக்காரனுக்குக் காது மடல் சூடேறியது. சாப்பாட்டுக்காக ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் வந்து நின்றவள். வெறுங்கையோடும் வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து வந்து, செங்கல் இறக்குவது போல அலுங்காமல் மேசைமேல் இறக்கியிருந்தாள். புறங்கை முழுக்க சிமெண்ட் தின்ற வெடிப்பு.

"கோவிச்சுக்காதீங்கக்கா. விலை ஜாஸ்தின்னு யோசிக்கிறீங்களோன்னு குறைச்சுத் தரேன்னேன். இந்தக் கார்டுல நீங்க சொன்ன கம்ப்யூட்டர் விளையாட்டு பறக்கும்."

"வேற காட்டு."

கடைக்காரன் திறந்து கிடந்த பெட்டிக்குள் ஒருமுறை ஊதினான். தூசி அவன் முகத்திலேயே திரும்ப அடித்தது. பெட்டி பழசிலும் பழசு. உள்ளே, திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு, ஓய்வே கொடுக்காமல் அடித்து ஓட்டிய வண்டி எஞ்சின் போலக் கருகிக் கிடந்தது.

"இந்தப் பொட்டிக்கு எல்லாக் கார்டும் சேராதுக்கா. உள்ள கரண்டு குடுக்கிற சப்ளை சின்னது. பெரிய கார்டப் போட்டா நோஞ்சான் மாட்டைப் பாறாங்கல் வண்டியில பூட்டின கதையாயிடும். அளவா பாத்துத்தான் எடுக்கணும். யாருக்கு, பையனுக்கா?"

"பையனுக்கு நாலு வயசு. எல்லாம் அவன் அப்பனுக்குத்தான்."

கடைக்காரன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"நல்ல கொத்தனார் தம்பி அந்த மனுசன். கண்ணாலயே நூல் பிடிச்சு சுவர் எழுப்பும். எவனோ காட்டிக் குடுத்தான்னு இந்தச் சுடுற விளையாட்டுல விழுந்துச்சு. அன்னையோட கரண்டியைக் கீழ வச்சிட்டு எலியைக் கையில பிடிச்சவருதான். கார்டு கருகினதுலேர்ந்து இழவு விழுந்த வீடு மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரியுறாரு."

"வேலை?"

"திங்கக்கிழமை புதுக் கட்டடத்துக்கு மேஸ்திரி கூப்பிட்டிருக்காரு. இந்தத் தடவையும் வரலைன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னுட்டாரு. இவரு என்னடான்னா, கார்டு வாங்கிக் குடு, மறுநாளே வேலைக்குப் போறேன், அப்புறம் ஒரு நாள் மட்டம் போட மாட்டேன்னு புள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. இனிமே நான் ஒருத்தி கல்லு சுமந்து மூணு வயித்தை ரொப்ப முடியாது. இடுப்பு விட்டுப்போச்சு."

கடைக்காரனின் அப்பன் மூட்டை தூக்கியவன். தூக்குகிறவர்கள் வீட்டில் தூங்குகிறவனைக் கண்டாலே இவனுக்கு ஆகாது. அந்தக் கொத்தனாரை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கேட்டதை வாங்கித் தர இந்த வெயிலில் கிளம்பி வந்திருக்கும் இவளை நினைத்தால் இன்னும் ஒரு படி கூடவே வந்தது.

"பொண்டாட்டி தலையில பொட்டிய ஏத்தி அனுப்பிட்டு அவரு அங்க என்ன பண்றாரு?"

"குப்புறப் படுத்திருக்காரு. உனக்கெதுக்கு அதெல்லாம்? கார்டக் காட்டு."

வார்த்தையை விழுங்கிக்கொண்டு, யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கார்டு ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தான்.

"கை மாறினது. ஆனா பழுதில்ல. முதல்ல காட்டினதுல பாதி விலைகூட வராது."

"இதுல ஓடுமா?"

"புதுசு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகாது. அங்கங்க திக்கும். ஆனா ஓடும்."

"நிச்சயமா ஓடுமா?"

"ஓடும்னு சொல்றேனேக்கா."

அவள் கார்டை ஒரு தள்ளு தள்ளினாள். அது மேசையின் மறுகோடிக்குப் போய் நின்றது.

"முன்னாடி ரெண்டு கடைக்காரனும் உன்னை மாதிரிதான். எதை எடுத்தாலும் ஓடும், பறக்கும். நீயாவது கொஞ்சம் விவரமா இருப்பேன்னு பாத்தேன்."

இதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. விலையைக் குறைத்தாகிவிட்டது, பசியைப் பொறுத்தாகிவிட்டது, கடைசியில் அவன் வாய்ச்சொல்லுக்கும் மரியாதை இல்லை.

"பொய் சொல்லி வித்துப் பொழைக்கிற கடை இது இல்லக்கா. உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டுங்க."

"இவ்வளவு பெரிய கடையில காட்டுறதுக்கு இனிமே ஒண்ணுமே இல்லையா?"

அவன் கீழ் இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தான். திருகாணிகளுக்கும் அறுந்த ஒயர்களுக்கும் நடுவே கிடந்த ஒரு கார்டை எடுத்து அவள் முன்னால் தொப்பென்று போட்டான்.

"இந்தாங்க. கடையிலேயே மட்டமான சரக்கு. ஸ்கிரீன்ல படம் தெரியும், பாட்டுக் கேக்கலாம், அவ்வளவுதான். அந்த விளையாட்டு இதுல ஓடவே ஓடாது, தலைகீழா நின்னாலும் ஓடாது. நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது. வித்தா வித்ததுதான், திருப்பி வாங்க மாட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஓடாத கார்டு ஒண்ணு கிடைக்காதான்னுதான் தம்பி மூணு கடை ஏறி இறங்குறேன்," என்றாள். "இதையே மாட்டு. திருப்பி வாங்க மாட்டேன்னு சொன்னியே, அதை பில்லுல கொட்டை எழுத்துல எழுது."