ஒரு வாய் மோர்

ஹெலிகாப்டரில் ஏறுமுன் ஜெரால்டு மூன்றாம் முறையாகக் கேட்டான்.

"முந்திரித் தோப்புக்குள்ள கரண்டுக் கம்பி எதுவும் போகுதாங்க?"

ஆலங்குடித் தோப்புக்காரர் பெரியண்ணன் சலித்துக்கொண்டார். "கெடையவே கெடையாது தம்பி. காத்து கிளம்புறதுக்குள்ள மருந்தடிங்க. பைலட்டே இப்படிப் பயந்தா எப்படி?"

எப்போதும் தோப்பை நடந்து பார்த்துவிட்டே பறப்பவன், ரோஷத்தில் நேரே கதவைத் திறந்தான்.

பெரியண்ணனின் மனைவி மணிமேகலை செம்போடு ஓடிவந்தார். "வெறும் வயித்தோட போகாதீங்க தம்பி. ஒரு வாய் மோர் குடிச்சிட்டு ஏறுங்க."

அந்த அன்பைத் தட்ட முடியாமல் அண்ணாந்து குடித்தவன் செம்பைச் சட்டென்று இறக்கினான். மர உச்சிகளை உரசியபடி தோப்புக்குள் ஒரு கம்பி ஓடியது.

"கம்பி இல்லேன்னீங்களே!"

பெரியண்ணன் சிரித்தார். "கரண்டுக் கம்பியத்தானே கேட்டீங்க? கஜா புயலுக்குப் பிறகு இதுல கரண்டே வரல தம்பி!"