வயிறெரியும் ரசிகை

மேடைப் பலகையில் ஒரு செருப்பு வந்து விழுந்த சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தின சத்தம். நாடகத்தில் கொடுமைக்கார மாமியார் வேஷம். மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திய நிமிஷத்தில் காலடியில் 'டப்'பென்று விழுந்தது. அந்த நாளில் கோபத்துக்கு ஒரு சத்தமாவது இருந்தது. இப்போது அது சத்தமில்லாமல் செல்போனுக்குள் வந்து விழுகிறது.

"கேளுங்கக்கா," என்று மேக்கப் நாற்காலியில் சாய்ந்தபடி வாசித்தாள். "'இவ மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. மூக்கைப் பாரு, கத்திரிக்கோல் மாதிரி.' யாரு போட்டது? அதே 'வயிறெரியும் ரசிகை'ங்கற பேர்ல ஒளிஞ்சுக்கிட்டு எழுதறவ."

"வாயை அசைக்காதே. புருவம் கோணிக்கும்," என்றாள் மேக்கப் அக்கா.

சீரியலில் அவள் பெரியம்மா. குடும்பத்தைக் கெடுக்கிற பெரியம்மா. படப்பிடிப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். டைரக்டரும் கூட. அவருக்கு அவளைவிட நாலு வயசு அதிகம்.

சீரியல் சாயங்காலம் ஏழரைக்கு முடியும். ஐந்தே நிமிஷத்தில் சேனலின் பக்கத்துக்கு வயிறெரியும் ரசிகை வந்துவிடுவாள். இரண்டு மாதமாக ஒருநாள் தவறவில்லை.

"பெரியம்மாவைத் திட்டட்டும்க்கா, வாங்கிக்கறேன். இவ என் மூக்கையில்ல திட்டறா?"

"அது உன் மூக்கா? நான் நிழல் போட்டுக் கூராக்கின மூக்கு. திட்டு எனக்குத்தான் சேரும். விடு."

"ஒரு பொம்பளை மனசுல இத்தனை விஷமா? எல்லாரையும் அவ கணக்கு மேல புகார் கொடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் கொடுங்கக்கா."

"கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு. கண்ணை மூடு."

அவளுக்கு மனசு ஏற்கெனவே ரணமாகத்தான் இருந்தது. இரண்டரை மாதத்துக்கு முன்னால், இதே அறை வாசலில் நின்றுதான் டைரக்டர் சொல்லியிருந்தார்.

"பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களை மாடிப்படியில உருட்டி விட்டுடலாம்னு சேனல்ல சொல்றாங்க. பெரியம்மான்னு ஒருத்தி இருக்கறதையே யாரும் கண்டுக்கலையாம்."

"எப்போ?"

"அடுத்த மாசம்."

சரியென்று தலையாட்டினாள். இந்த சீரியலுக்கு முன்னால் மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்தவள். தினமும் காலையில் குளித்து, தலைவாரி, போன் அடிக்குமா என்று உட்கார்ந்திருந்த மூன்று வருஷம். அடித்ததெல்லாம் மேக்கப் அக்காவின் போன்தான். இப்போது ஐம்பத்தி நாலு வயசு. மாடிப்படியில் உருண்டால், எழுப்பிவிட யாரும் வரப்போவதில்லை.

அடுத்த மாசம் வந்தது, போனது. மாடிப்படி மட்டும் வரவில்லை. "தள்ளிப் போட்டிருக்காங்க," என்றார் டைரக்டர். ஏன் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வசவு வந்தது.

'மாசமா இருக்கற பொண்ணோட மருந்துச் சீட்டைப் பிடுங்கிக் கிழிக்கிறியே, உன் கை விளங்குமா?'

அவள் மறுபடியும் படித்தாள். அந்தச் சீட்டை அவள் அன்று காலையில்தான் கிழித்திருந்தாள். அது டிவியில் வரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, நேத்து மருந்துச் சீட்டைக் கிழிச்சேனே, அந்த சீன் எப்போ வரும்?"

"வழக்கம்போலத்தான். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்."

"வயிறெரியும் ரசிகை நேத்தே பார்த்துட்டா."

கன்னத்தில் ஓடிய பிரஷ் நின்றது. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் புத்தியை..." என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் பவுடர்.

"இருபது வருஷமா என் முகத்தைத் தொடற கை. அந்தக் கையாலயா எழுதினீங்க?"

"முதல்ல நல்லாத்தான் எழுதினேன், கண்ணு. பெரியம்மா நடிப்பு பிரமாதம்னு பத்து நாள் எழுதினேன். ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. பதினோராம் நாள் ஆத்திரத்துல ஒரு திட்டு திட்டினேன். நானூறு பேர் வந்துட்டாங்க."

"என்னைத் திட்டவா?"

"பாதிப் பேர் உன்னைத் திட்ட. பாதிப் பேர் என்னைத் திட்ட. 'அந்தம்மா நடிப்பைக் குறை சொல்ல நீ யாருடி'ன்னு என் பரம்பரையையே இழுத்தாங்க. படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் சேனல்ல, பெரியம்மா இருக்கட்டும்னுட்டாங்க."

அவள் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுது தொலைக்காதே. இப்பத்தான் மை போட்டேன்."

"இன்னைக்கு என்ன எழுதப்போறீங்க?"

"உன் நடையைப் பத்தி. கொஞ்சம் ஆடி ஆடி நட, எனக்கு எழுத வசதியா இருக்கும்."

சீரியல் அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓடியது. கடைசி நாள்வரை பெரியம்மா சாகவில்லை. மேக்கப் அக்காதான், அதற்கு இரண்டு மாதம் முன்னால், மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.