அவிழ்ந்த லேஸ்

“மறுபடியும் லேஸா?”

ஆள் இல்லாமல் பாழடைந்து கிடந்த சுரங்கக் குடியிருப்பு. பாதையின் நட்ட நடுவில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்தவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள்.

“மூணு மணிக்கு மேல யாரையும் மேட்டுக்கு விடமாட்டேன்னு வழிகாட்டி சொன்னாரே, காதுல விழலையா? அங்க அப்பா வாழ்ந்த வீட்டைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?”

“அவிழ்ந்தா நான் என்ன பண்ண?” என்றான் அவன், அவசரமே இல்லாமல்.

“ஒரு முடிச்சுப் போடக்கூடவா தெரியாது? நீங்களாவது சொல்லுங்கப்பா.”

அப்பா இடிந்த சுவரில் கை ஊன்றி நின்றிருந்தார். இளமை முழுக்க இந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். காலையில் ‘மெதுவா வாங்கப்பா’ என்று அவள் சொன்னதற்கே, ‘நான் என்ன நோயாளியா? அப்ப நான் வரல’ என்று முறுக்கிக்கொண்டவர்.

“இங்கதான் விளக்கு வாங்கிக்கிட்டு உள்ள இறங்குவோம்,” என்றார், யாரும் கேட்காமலே.

அடுத்த திருப்பத்தில் மறுபடி லேஸ். படிக்கட்டுக்குக் கீழே மறுபடி.

ஒருவழியாக நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. வாசற்படியும் அடுப்பு மேடையும்தான் மிச்சம். அப்பா படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிக்கொடுத்தார்.

“இந்தப் படியைப் பிடிச்சுத்தான் நீ நடக்கப் பழகின,” என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கமும் கோபமாகிக் கணவன் மேல்தான் திரும்பியது.

“இவரை நம்பியிருந்தா இதைப் பார்க்காமலே திரும்பியிருப்போம்.”

“மாப்பிள்ளையைத் திட்டாதம்மா. சுரங்கத்துல மூச்சு வாங்குதுன்னு எவனும் வாயைத் திறக்க மாட்டான். கூட வர்றவன்தான், ‘இருப்பா, என் விளக்கு மங்குது’ன்னு உக்காந்துடுவான். விளக்கு நல்லாத்தான் எரியும்.” அப்பா சிரித்தார். “மாப்பிள்ளையோட லேஸும் அப்படித்தான்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அடுப்பு மேடையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது அவன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தான். அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் ஷூ குதிகாலைக் கடித்திருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

“கொஞ்சம் நில்லுங்க,” என்று அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “என் லேஸ் அவிழ்ந்துடுச்சு.”

அவள் போட்டிருந்தது செருப்பு.