பதினோரு நாள் பட்டம்

பட்டப்படிப்பு முழுவதும் பதினோரு நாளில் தலைக்குள் ஏறிவிடும் காலம் அது. ஆனாலும் மூன்று வருஷம் விடுதியில் தங்கினால்தான் அந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தரும்.

மகள் தமயந்தியை அழைத்துப்போக விலகல் கடிதத்தோடு வந்திருந்தார் மாசிலாமணி.

"பாடம் முடிஞ்சு ஒன்பது மாசமாச்சு மேடம். இன்னும் இங்க என்னதான் பண்றா?"

"மெஸ் செக்ரட்டரியா இருக்கா," என்றார் வார்டன். "சாப்பாட்டு நேரம்தான், போய்ப் பாருங்க."

அவர் நம்பவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவள் தமயந்தி.

மெஸ்ஸில் அறுபது பெண்கள் தட்டோடு நின்றார்கள். ரசத்தில் உப்பே இல்லை என்று ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். தமயந்தி ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள்.

"ஆமாடி, எங்க தப்புதான். ரெண்டு நிமிஷம் குடு," என்று சமையல்கட்டுக்குள் ஓடி உப்பு டப்பாவோடு வந்தாள். கத்தியவள் சிரித்துவிட்டாள்.

மாசிலாமணி கடிதத்தை நீட்டியபடி நேராக மகளை நோக்கி நடந்தார்.

"அப்பா," என்றாள் தமயந்தி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "வரிசையில வாங்க."

அவர் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றார்.