தலைமாட்டுச் செங்கல்

நெஞ்செரிச்சலுக்கு மருத்துவர் இரண்டு செங்கற்களை எழுதிக்கொடுத்தார் என்று ஆவுடையப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மருத்துவர் சொன்னது வேறு. பல ஆண்டுகளாக விழுங்கிவரும் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும், அதைத் தின்றுதான் எலும்பு வலுவிழந்திருக்கிறது; இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும் என்றார். "கட்டிலுக்கு முட்டுக் குடுக்கிறவன் டாக்டரா, கொத்தனாரா? நீயே சொல்லுட்டி" என்று மனைவி பூரணத்திடம் கேட்டுவிட்டு, ஆவுடையப்பன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வடைக்குக் கை நீட்டினார். செங்கற்களை அவளே கொண்டுவந்து வைத்தாள். பாடையில் படுத்தது போலிருக்கிறது என்று மறுநாள் காலையில் அவர் ஒரு கையால் கட்டிலைத் தூக்கி, மறுகையால் கல்லை உருவப் பார்த்தார். கட்டில் அசையவில்லை, மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு வீடு திரும்பியதும், "கல்ல வச்சது நீதானட்டி" என்றார்.

"ஆமா. கல்லுக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள் பூரணம்.

சாப்பாட்டுக்கு முன் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒற்றைக் கையால் பிதுக்கினார். பிறகு பல்லால் கடித்தார். அட்டையைப் பிரிக்க இரண்டு கைகள் வேண்டியிருந்தன. "பிரிச்சுக் குடு" என்று அவளிடம் நீட்டினார். பூரணம் அட்டையை வாங்கிக்கொண்டு மாவுக்கட்டைப் பார்த்தாள். ஆவுடையப்பன் கண்களை மூடி, சங்குப்பாலுக்குக் காத்திருக்கும் குழந்தையைப்போல வாயைத் திறந்தார்.